அரசவைக்கு அனுப்பும் ஓலை: வேலைக்குத் தன்விவரக் குறிப்பு எழுதும் முறை

தன்விவரக் குறிப்பு எழுத அமர்பவர், கணினியில் வெற்றுப் பக்கத்தைத் திறப்பதற்கு முன், விண்ணப்பிக்கவிருக்கும் வேலையின் விளம்பரத்தை அச்சிட்டு மேசைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர் அரசின் வேலைவாய்ப்பு இணையவாசலான மைகரியர்ஸ்ஃபியூச்சரில் வரும் விளம்பரங்களில் பொறுப்புகள், திறன்கள், சம்பள வரம்பு ஆகிய மூன்றும் இருக்கும். அவற்றுள் நிறுவனம் அழுத்திச் சொல்பவற்றை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை எங்கே, எப்போது, எப்படிச் செய்தோம் என்று தமிழிலேயே எழுதிப் பார்க்கலாம். குறிப்பு கடைசியில் ஆங்கிலத்தில்தான் போகப்போகிறது. ஆனால் ஆங்கிலத்தில் தொடங்கினால் எங்கோ படித்த ஆயத்தச் சொற்களே முதலில் வந்து நிற்கின்றன. தமிழில் யோசித்தால் செய்த வேலை நினைவுக்கு வருகிறது. பாதி வரிகளுக்கு எதிரே எழுத ஒன்றும் இல்லையென்றால், அந்த வேலையை விட்டு வேறொன்றைப் பார்ப்பது நல்லது.

என்னிடம் திருத்தக் கொண்டுவரப்படும் குறிப்புகளில் மிகுதியாகக் காணும் குறை, வேலையைச் சொல்லாமல் பதவியைச் சொல்வது. ஜூரோங்கில் கிடங்கு உதவியாளராக இருந்தவர் "சரக்கிருப்புக்குப் பொறுப்பு வகித்தேன்" என்று எழுதுகிறார். அது அவருடைய நியமனக் கடிதத்தில் இருக்கும் வரி. அதே பதவியில் இருந்த சோம்பேறியும் அதையே எழுதலாம். "மாதந்தோறும் ஏறத்தாழ 1,200 பொருள்களை எண்ணிச் சரிபார்த்தேன், அலமாரிகளுக்கு எண்ணிட்டு வரைபடம் தயாரித்த பிறகு, இரண்டு நாள் பிடித்த கணக்கெடுப்பு ஒரே நாளில் முடிந்தது" என்று எழுதினால், படிப்பவர் கண்முன் ஓர் ஆள் வந்து நிற்கிறார். என்ன செய்தோம், எவ்வளவு செய்தோம், அதனால் என்ன மாறியது என்னும் மூன்றும் ஒரே வாக்கியத்தில் அமைவதே இதன் நுட்பம். எண் துல்லியமாகத் தெரியாவிட்டால் "ஏறத்தாழ" என்று போடுவதில் தவறில்லை. ஆனால் அந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று நேர்காணலில் கேட்டால் விளக்க முடிய வேண்டும்.

நம்மவர்களுக்கு இது கடினமாக இருப்பதற்கு ஒரு காரணம் வளர்ப்பு. தன்னைத் தானே புகழக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர், தனியொருவராகச் செய்த வேலையைக்கூட "நாங்கள் செய்தோம்" என்றே எழுதுகிறார். தற்புகழ்ச்சி தகாது என்று சொல்லும் நன்னூலே அதற்கு நான்கு விலக்குகளையும் தருகிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே, அவையில் வெல்ல வேண்டிய வேளையில், பிறர் தன்னைப் பழிக்கும்போது. முதல் இரண்டும் வேலை விண்ணப்பத்துக்காகவே சொன்னவை போல இருக்கின்றன. எனவே குழுவாகச் செய்ததைக் குழுவினுடையது என்றும், அதில் தனக்குரிய பங்கை "நான்" என்றும் பிரித்து எழுதலாம்.

தமிழறிவையும் பலர் இதே கூச்சத்தால் விட்டுவிடுகிறார்கள். கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலையிடப் பாதுகாப்புப் பணிக்கு விண்ணப்பிப்பவர், "தமிழ் பேசுவேன்" என்று மொழிப் பட்டியலில் ஒரு சொல்லாக விடாமல், "தினமும் காலையில் 40 ஊழியர்களுக்கு டூல்பாக்ஸ் மீட்டிங்கை (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்பு விளக்கக் கூட்டத்தை)த் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடத்தினேன்" என்று அனுபவப் பகுதியிலேயே எழுத வேண்டும். மருத்துவமனைப் பதிவு முகப்புக்கும் இது பொருந்தும்.

முதல் வேலை தேடும் இளையர்கள், ராணுவம் போன்ற படைகளில் கட்டாயமாகச் செய்யும் தேசிய சேவையின் இரண்டு ஆண்டுகளைத் தேதிகளோடு ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஏழு பேர் கொண்ட பிரிவை வழிநடத்தியவருக்கும், பண்டகசாலைக் கணக்கைப் பார்த்தவருக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. இரகசியம் சார்ந்த விவரங்களை மட்டும் தொடக் கூடாது. படிப்பைப் பொறுத்தவரை, பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயம் இருப்பவர் தொடக்கப்பள்ளித் தேர்வு வரை இறங்க வேண்டியதில்லை.

விட வேண்டியவற்றின் பட்டியல் நீளமானது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் குறிப்புகளில் தந்தை பெயர், பிறந்த தேதி, சமயம், திருமண நிலை, கடவுச்சீட்டு எண் ஆகியவற்றோடு, "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை" என்னும் உறுதிமொழியும் கையொப்பமும் இருக்கும். இங்கே இவற்றுக்குத் தேவையில்லை. வேலையோடு தொடர்பில்லாத தனிப்பட்ட விவரங்களை விண்ணப்பதாரரிடம் கேட்கக் கூடாது என்பதே அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிகளின் நிலைப்பாடு; 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டமும் வயது, இனம், சமயம் முதலியவற்றால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க வழிசெய்கிறது. அடையாள அட்டை எண்ணையும் எழுதக் கூடாது. சட்டம் கோராத இடங்களில் நிறுவனங்கள் பொதுவாக அதைத் திரட்டக் கூடாது என்னும் விதிமுறை 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. புகைப்படமும் வேண்டாம்.

பெயரில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அடையாள அட்டையில் "எஸ்/ஓ" (இன்னாரின் மகன்), "டி/ஓ" (இன்னாரின் மகள்) என்று தந்தையின் பெயரோடு இருப்பதை அப்படியே தலைப்பில் போட்டால், கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று எண்ணி, நேர்காணலுக்கு அழைப்பவர் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறீர்களோ அதையே குறிப்பிலும் மின்னஞ்சலிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் வைத்துக்கொண்டால் போதும். முழுப்பெயர் நியமனத்தின்போது தேவைப்படும்.

வெளிநாட்டினர், தம்மிடம் எந்த வேலை அனுமதி இருக்கிறது என்பதை மேலேயே ஒரு வரியில் தெரிவித்துவிடுவது இருதரப்புக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும். வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியாகிய எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பிக்கும் முன் நிறுவனம் அந்த வேலையைக் குறைந்தது 14 நாள் மைகரியர்ஸ்ஃபியூச்சரில் விளம்பரம் செய்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆகவே பதில் தாமதமானால் உடனே மனம் தளர வேண்டியதில்லை. முடிக்காத பட்டத்தை முடித்ததுபோல் எழுதுவது இங்கே வெறும் மிகைப்படுத்தலாக நின்றுவிடாது. அதே பொய் வேலை அனுமதி விண்ணப்பத்துக்குள் போனால் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

வடிவத்தைப் பற்றிச் சொல்லச் சிறிதே உண்டு. புதியவருக்கு ஒரு பக்கம், அனுபவசாலிக்கு இரண்டு பக்கம். அண்மைய வேலை முதலில். குறிப்பைப் பல இடங்களில் மனிதருக்கு முன் மென்பொருள் படிப்பதால், இரட்டைப் பத்திகள், கட்டங்கள், திறனைக் காட்டும் வண்ணப் பட்டைகள் எல்லாம் குழப்பத்தையே தரும். ஆங்கிலத்தில் ஐந்தில் நான்கு நட்சத்திரம் என்று ஒருவர் தமக்குத் தாமே மதிப்பெண் போட்டுக்கொள்வது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கிறது.

பெற்றோரைக் கவனிக்கவோ ஆட்குறைப்பாலோ வேலையில் இடைவெளி விழுந்திருந்தால், தேதிகளை மங்கவைத்து மறைக்காமல் ஒரே வரியில் காரணத்தைச் சொல்லி, அக்காலத்தில் முடித்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (அரசின் திறன்மேம்பாட்டுத் திட்டம்) பயிற்சி ஏதேனும் இருந்தால் அதையும் சேர்க்கலாம். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியைப் பற்றியும் இரண்டு நிமிடம் வாய்விட்டுப் பேசிப் பார்த்து, பேச முடியாதவற்றை நீக்கிவிட வேண்டும். பிறகு, பெயரும் விண்ணப்பிக்கும் பதவியும் கோப்பின் பெயரிலேயே தெரியும்படி பிடிஎஃப்பாகச் சேமித்து, அனுப்புவதற்கு முன் தொலைபேசி எண்ணின் எட்டு இலக்கங்களையும் வேறொருவரைப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.