ஓவனில் பாகு வழிந்தால், தீப் பிடித்தால், கண்ணாடி உடைந்தால்

டிசம்பர் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கம் வீட்டு ஓவன்களுக்கு ஓய்வே கிடையாது. கேக் மாவு தகரத்தை மீறிப் பொங்கும். கருப்பட்டிப் பாகு கீழே இருக்கும் சூடேற்றும் கம்பியில் சொட்டும். பட்டர் பேப்பர் மேல் கம்பியில் உரசிக் கருகும். இதில் எதுவும் ஓவனைக் கெடுத்துவிடாது. அடுத்த ஐந்து நிமிடத்தில் பதறிப் போய்ச் செய்கிற காரியம்தான் பெரும்பாலும் கெடுக்கிறது. கொதிக்கிற கண்ணாடியில் ஈரத் துணி வைப்பதும், இறுகிய பாகைக் கத்தியால் பெயர்ப்பதும், கம்பிமேல் தண்ணீர் ஊற்றுவதும்தான் ஓவனுக்கு வினை. வீடுகளில் பரவலாக இருக்கும் ஓடிஜி ஓவனை, அதாவது மேலும் கீழும் சூடேற்றும் கம்பி உள்ள சிறிய மின்சார ஓவனை, மனதில் வைத்து எழுதியது இது.

உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்கவே கூடாது. சுவர் சுவிட்சை அணையுங்கள். சுவிட்சு ஓவனுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் கையை அங்கே நீட்ட வேண்டாம், நேராக மெயினை இறக்குங்கள். கதவு மூடியே இருந்தால் உள்ளிருக்கும் காற்று தீர்ந்து சிறு தீ தானாக அவிந்துவிடும். திறந்தால் புதுக் காற்று பாய்ந்து முகத்துக்கு நேரே எழும்பும். எக்ஸாஸ்ட் விசிறியும் அப்போது வேண்டாம். தீ முழுக்க அவிந்த பிறகு புறவாசல் கதவையும் சன்னலையும் திறந்து புகையை விடுங்கள். தண்ணீர் எந்த நிலையிலும் ஆகாது: அங்கே மின்சாரம் இருக்கிறது, நெய்யும் எண்ணெயும் எரிகிறது. எரியும் எண்ணெயில் விழுந்த தண்ணீர் நொடியில் ஆவியாகி, எண்ணெயைத் தீயோடு சேர்த்து வெளியே தெறிக்க வைக்கும். தீ கதவுக்கு வெளியே வந்துவிட்டால், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டு, எல்லோரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

கை சுட்டுக்கொண்டால் மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி சுத்தம். ஓவனின் பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்து வைத்து, குறைந்தது ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வழிந்தது என்ன? சர்க்கரையா, கொழுப்பா, பிளாஸ்டிக்கா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

சர்க்கரையும் கருப்பட்டியும் தண்ணீரில் கரையும். அதனால் முதல் மருந்து வெந்நீர், சோப்பு அப்புறம்தான். அடியில் தூள் விழுவதற்காக இருக்கும் கழற்றக்கூடிய தட்டைக் கொதிநீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊற வைத்தால் பாதிக்கு மேல் தானே விட்டுவிடும். ஓவனின் தரையில் ஒட்டியதற்கு, பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வெந்நீரில் முக்கி, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கறைமேல் போர்த்துங்கள். அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் துணியின் அடி பழுப்பேறியிருக்கும், கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்த பாகு ஓரத்தில் இளகி ஜவ்வாக வரும். துணியை மறுபடி நனைத்து இரண்டு மூன்று தடவை இப்படியே செய்து, மரக் கரண்டியாலோ சிரட்டை விளிம்பாலோ பையத் தள்ளுங்கள். கத்தியும் கம்பி நாரும் எனாமலைக் கீறும், கீறிய இடத்தில் துரு ஏறும். இவ்வளவுக்குப் பிறகும் கறுப்பாக நிற்பது சர்க்கரை இல்லை, கரி. அது தண்ணீருக்கு மசியாது.

கரிக்கும், நெய், டால்டா, வெண்ணெய் தெறித்துப் பிசினாக இறுகியதற்கும் சமையல் சோடா. அரை கப் சோடாவில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் குழைத்தால், தோசை மாவைவிடக் கெட்டியாக, சுவரில் பூசினால் வழியாமல் நிற்கும் பதம் வரும். உள்சுவர் பளபளப்பான எனாமலாக இருந்தால் பூசி இரவு முழுக்க விடலாம். பூச்சு இல்லாத வெள்ளித் தகடாக இருந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். காரத்தில் ஊறினால் அலுமினியம் கறுத்துப் பொரிந்துபோகும். அலுமினிய கேக் தகரங்களுக்கும் இதே கணக்குதான். பிறகு ஈரத் துணியால் துடைத்து, வெள்ளையாகப் படிந்திருப்பதன்மேல் வினிகரைத் தெளித்தால் நுரைத்துக்கொண்டு கிளம்பி வரும். சோடாவையும் வினிகரையும் முதலிலேயே ஒரே கிண்ணத்தில் கலக்கிப் பூசுகிறவர்கள் நிறைய. நுரை பார்க்க வேகமாகத் தெரியும், ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிட்டு மிஞ்சுவது உப்புத் தண்ணீர் போன்ற ஒன்றுதான், கறைக்கு எந்த வேலையும் செய்யாது. கடையில் விற்கும் ஓவன் கிளீனர்களில் பல காஸ்டிக் சோடா கலந்தவை. கையுறையும் திறந்த சன்னலும் இல்லாமல் தொட வேண்டாம், அலுமினியத்தில் படவும் விடாதீர்கள். பிளீச்சிங் பவுடரை வினிகரோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, குளோரின் விஷவாயு கிளம்பும்.

சூடேற்றும் கம்பிகளில் சோடாவும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். கம்பிக் குழாய்க்குள் இருக்கும் மின்காப்புத் தூள் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. முனை வழியாக ஈரம் போய்விட்டால் அடுத்த முறை போடும்போது மின்கசிந்து டிரிப் ஆகும். நன்றாக ஆறிய பிறகு ஒட்டிய கட்டியை மரக் குச்சியால் தட்டி எடுத்து, லேசான ஈரத் துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும். மிச்சத்தைக் காலி ஓவனை 200 டிகிரியில் 10 நிமிடம் ஓட்டி எரித்துவிடலாம். சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் டப்பா உருகியிருந்தால் எதிர்வழி. இளகியிருக்கும்போது தேய்த்தால் பரவும். ஐஸ் கட்டிகளைப் பையில் போட்டு, முழுக்க ஆறிய ஓவனில் கறைமேல் வைத்து இறுக விடுங்கள், சில்லுச் சில்லாகப் பெயரும். துணுக்கு பாக்கி இருக்கும்போது சூடேற்றாதீர்கள், அந்தப் புகை நெஞ்சுக்குக் கெடுதல்.

கதவுக் கண்ணாடி உடைந்தால் சிறு சிறு கட்டிகளாகச் சிதறும். பெரியவற்றைத் தடித்த தாளால் அள்ளி, பொடியைச் சப்பாத்தி மாவு உருண்டையால் ஒற்றி எடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்தால் மிச்சம் மின்னிக் காட்டும். உள்ளே இருந்த பலகாரம் முழுசாக இருந்தாலும் குப்பைக்குத்தான். கதவு இல்லாமல் ஓவனை ஓட்டாதீர்கள்.

வழிவதற்கான காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: தகரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாவு ஊற்றியிருப்பார்கள். கருப்பட்டிக் கேக்கென்றால் சந்தேகத்துக்குத் தகரத்தைச் சற்றுப் பெரிய தட்டில் வைத்தே தள்ளுங்கள். அடி வேக ஐந்து பத்து நிமிடம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். ஓவன் தரையில் அலுமினியத் தாள் விரிப்பது தவறு, கம்பியில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், சூடும் ஓரிடத்தில் தேங்கும். பட்டர் பேப்பரைத் தகரத்தின் விளிம்போடு கத்தரித்துவிட வேண்டும். தூத்துக்குடி மக்ரூன் போடுகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரித் தூளும் மிதச் சூட்டில் நெடுநேரம் காய வேண்டிய பண்டம் அது. சூடு கூடினால் அடியில் சர்க்கரை இளகி வழிந்து தாளோடு கருகும். குமிழில் எழுதியிருக்கும் டிகிரியை நம்பாமல் ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக பிளக். 2000 வாட் ஓவன் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடும் சின்ன சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அதைத் தாங்காது, 16 ஆம்பியர் சாக்கெட்தான் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரிலும் ஓட்டாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் குமிழை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் காத்திருங்கள். பிளக் முனையில் பழுப்புத் தடம் கண்டால் பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கழுவிய தட்டுகளையும் கம்பி வலையையும் தார்சாவில் வெயில் படக் காயவைத்து, சொட்டு ஈரம் இல்லை என்று தடவிப் பார்த்த பிறகே உள்ளே மாட்டுங்கள்.