சுவர் கட்டும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள்

பினாங்கில் மேம்பாலத்துக்கு ஏறும் சாலையோரம் கான்கிரீட் பலகைகளை அடுக்கிய உயரமான சுவரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பலகை வெறும் முகம்தான். சாலையைத் தாங்குவது பின்னால் இருக்கும் மண்ணும் அதற்குள் படுக்கவைத்த துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டைகளும். மேலே மண் ஏற ஏற அதன் எடை பட்டையை அழுத்திப் பிடிக்கிறது, அந்த உராய்வில்தான் எல்லாம் நிற்கிறது. 1960களில் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி விடால் கொண்டுவந்த முறை இது.

சைட்டுக்குப் புதிதாக வரும் தம்பிகள் முதலில் லோரியில் வரும் மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஈரமான மண்ணைப் பிசைந்தால் களிமண் மாதிரி உருண்டு விரலில் ஒட்டுகிறதா? இறக்க விடாதீர்கள், சோதனைக்கு அனுப்புங்கள். நம் குன்றுகளில் வெட்டும் செம்மண்ணில் நுண்துகள் அதிகம் இருக்கும், நனைந்தால் உராய்வு போய்விடும். மண்டோர் "பரவாயில்லை, போடு" என்றாலும் விடக்கூடாது.

பலகையைத் தூக்குக்குண்டு பார்த்து நேராக நிறுத்தினால் மண்ணை இறுக்கும்போது வெளியே தள்ளிக்கொள்ளும், அதனால் வரைபடம் சொல்லும் அளவுக்கு உள்பக்கம் கொஞ்சம் சாய்த்து, ஆப்பு வைத்து நிறுத்துங்கள். பலகைகளின் இணைப்புகளுக்குப் பின்னால் வடிகட்டித் துணி ஒட்ட மறக்காதீர்கள். பட்டை இருக்கவேண்டிய மட்டம்வரை மண்ணை இறுக்கிவிட்டு, பட்டையைச் சுவரிலிருந்து 90 டிகிரியில் நேர் பின்னால் நீட்டி, அடியில் இடைவெளி இல்லாமல் படுக்கவைத்து போல்ட் போடுங்கள். பட்டையின் நீளம் பொதுவாகச் சுவரின் உயரத்தில் 70 சதவீதத்துக்குக் குறையாது. 10 மீட்டர் சுவர் என்றால் 7 மீட்டர். வெறும் பட்டைமேல் எந்த வண்டியும் ஏறக்கூடாது. பெரிய ரோலர் முகத்திலிருந்து 1.5 மீட்டர் தள்ளியே ஓடட்டும், அந்த இடத்தைச் சின்ன மெஷினால் இறுக்குங்கள்.

அப்புறம் மழை. நம் ஊரில் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் அரை மணியில் கொட்டிவிடும், அதனால் புது மண் பரப்புவதை நிறுத்திவிட்டு, பரப்பியதைச் சுவருக்கு எதிர்ப்பக்கம் சரிவாக்கி, ரோலரால் வழவழப்பாக மூடி, மேலே கென்வாஸ் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். மறுநாள் காலை பூட்ஸ் குதிகாலால் அழுத்திப் பாருங்கள்; புதைந்தால் அந்த அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடுத்த லோரியைக் கூப்பிடவேண்டும்.