இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் ஸ்விஃப்ட்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

2012 முதல் 2015 வரை வந்த டீசல் ஸ்விஃப்ட், டிசையர் வண்டிகள் இப்போது குறைந்த விலைக்குச் சந்தைக்கு வருகின்றன. மீட்டரைப் பார்த்தால் ஒன்றரை லட்சம், ஒன்றே முக்கால் லட்சம், சிலவற்றில் இரண்டு லட்சத்துக்கும் மேல். அந்த எண்ணைப் பார்த்ததுமே ஓடிவிட வேண்டியதில்லை. இவற்றில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1248 சிசி மல்டிஜெட் இன்ஜின். டிடிஐஎஸ் என்ற பெயரில் மாருதி போட்டது. டாடாவும் குவாட்ராஜெட் என்ற பெயரில் இதையே போட்டது. நேரத்துக்கு ஆயில் மாற்றி ஓட்டினால் மூன்று லட்சம் தாண்டுகிற இன்ஜின் இது. 2020 ஏப்ரலில் மாருதி டீசலையே நிறுத்திவிட்டாலும் உதிரிபாகத்துக்கும் தெரிந்த மெக்கானிக்குக்கும் இன்னும் பஞ்சமில்லை.

இயந்திரப் பழுது எதுவானாலும் அதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கழித்துப் பேரம் பேசலாம். பேப்பர் சிக்கலுக்கும் அடிச்சட்டத்தில் ஏறிய துருவுக்கும் அப்படி விலை போட முடியாது. அதனால் இந்த இரண்டையும் முதலில் பார்த்துவிட வேண்டும். பலரும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, கடைசியில்தான் ஆர்.சி. புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும் முன்

விற்பவரிடம் நம்பரை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போடுங்கள். பதிவுத் தேதி, ஆர்.சி. எதுவரை செல்லும், இன்சூரன்ஸ், புகைச் சான்று, கடன் பதிவு, பிளாக் லிஸ்ட் எல்லாம் வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். இ-செலான் தளத்தில் அதே நம்பரைப் போட்டால் கட்டாத அபராதங்கள் வரும்.

முதலில் கவனிக்க வேண்டியது ஆர்.சி. காலம். சொந்த உபயோக காருக்கு 15 ஆண்டு. அதன் பிறகு எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2012 வண்டி என்றால் 2027இல் அந்தச் செலவு உங்கள் தலையில். பெயிண்ட், லைட், பிரேக், புகை எல்லாவற்றையும் சரிசெய்துதான் ஆய்வுக்குக் கொண்டுபோக முடியும், பசுமை வரியும் உண்டு. இதை இப்போதே விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஆர்.சி.யில் எச்பி, அதாவது வண்டிமேல் கடன் இருப்பதாகப் பதிவு இருந்தால், கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொல்வது போதாது. வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) கையெழுத்திட்ட படிவம் 35-உம் கையில் இருக்க வேண்டும். வண்டி புரோக்கரிடம் நிற்கிறது, ஆர்.சி. வேறொருவர் பெயரில் இருக்கிறது என்றால், அந்த உரிமையாளரிடம் போனிலாவது பேசாமல் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றும்போது ஆர்.சி.யோடு பதிவான மொபைலுக்கு ஓடிபி வரும். அந்த எண் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும் வண்டிகள் உண்டு.

வெளிமாநில நம்பர் என்றால் இன்னும் கவனம். 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை போட்ட பிறகு, அங்கிருந்து டீசல் கார்கள் தெற்கே மலிவாக வருகின்றன. விலை கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆர்.டி.ஓ.வின் என்ஓசி (படிவம் 28) வேண்டும், 12 மாதத்துக்குள் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், ஆயுள் வரியைத் தமிழ்நாட்டில் மறுபடி கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியைத் திரும்ப வாங்குவது தனி அலைச்சல். புதுச்சேரி நம்பருக்கும் இதே கணக்குதான். வரியைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

இந்தக் கிலோமீட்டரை யார் ஓட்டியது?

ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டரை ஒருவர் மதுரைக்கும் சென்னைக்கும் ஹைவேயில் ஓட்டியிருந்தால் அது நல்ல வண்டி. அதே தூரம் நகருக்குள் கிளட்சை மிதித்து மிதித்து ஓடியிருந்தால் கதை வேறு. டி-போர்டாக (வாடகை டாக்ஸியாக) ஓடி ஓன் போர்டாக (சொந்த உபயோகத்துக்கு) மாற்றிய வண்டிக்கும் இது பொருந்தும். அதை ஒளிக்காமல் சொல்லி விலையைக் குறைத்து விற்றால் பரவாயில்லை. மறைத்து விற்பதுதான் பிரச்சினை. பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள், அவற்றில் வாகன வகை எழுதியிருக்கும். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் மஞ்சள் பெயிண்ட், மேற்கூரையில் கேரியர் போட்ட தடம், கண்ணாடியில் ஸ்டிக்கர் உரித்த பசை ஆகியவையும் காட்டிக்கொடுக்கும்.

மீட்டரைக் குறைப்பது சில நிமிட வேலை, லேப்டாப்பில் செய்துவிடுவார்கள். அதனால் மீட்டர் 78,000 என்று காட்டினால் பெடல் ரப்பரைப் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தாலோ, பத்து வருட வண்டியில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலோ சந்தேகப்படலாம். ஓட்டுநர் சீட்டின் கதவுப்பக்க மேடு அமுங்கியிருப்பது, ஸ்டீயரிங்கின் மேல்பாதி பளபளப்பது, டிரைவர் கதவு மட்டும் தொங்கிச் சாத்துவது எல்லாம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியதன் அடையாளங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. 2014 வண்டி, மீட்டரில் 45,000 கிலோமீட்டர், டயரோ இரண்டாவது செட் என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். உரிமையாளரையும் அழைத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் வரலாற்றைக் கேட்பதே எல்லாவற்றிலும் உறுதியானது. அதில் ஒவ்வொரு வருகையிலும் மீட்டர் எண் பதிவாகியிருக்கும். ஆயில் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறியதா என்பதும் தெரியும். நடுவில் 30,000 கிலோமீட்டர் இடைவெளி இருந்தால் வெளியே செய்ததற்கான பில் வேண்டும்.

உடம்பு

காலை வெளிச்சத்தில் பாருங்கள். மழையிலோ, கழுவி ஈரமாக நிற்கும்போதோ வேண்டாம். பானட், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் உரிந்திருந்தால் அந்தப் பாகம் கழற்றப்பட்டிருக்கிறது. அதுமட்டும் பெரிய குற்றமில்லை, நம் ஊர் டிராஃபிக்கில் ஃபெண்டர் இடிபடாத வண்டி அபூர்வம். பானட்டைத் திறந்து இருபுறமும் ஏப்ரன் (உட்பக்கத் தகடு), அதன் கீழே சேசிஸ் லெக் (முன்புற அடிச்சட்டம்), கதவைத் திறந்து பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்) ஆகியவற்றில் டிங்கரிங் வேலை நடந்திருந்தால்தான் ஆபத்து. கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சீரான இடைவெளியில் வட்டப் பள்ளங்களாக இருக்கும். அது காணாமல் போய்ப் புட்டியும் கரடுமுரடான வெல்டிங்கும் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் நின்ற வண்டிக்கு லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பது கட்டாயம். கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, பின்சக்கர வளைவு, ஷாக் அப்சார்பர் அமரும் இடம் மூன்றையும் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். பொத்பொத்தென்று ஒலித்தால் உள்ளே துருப்பிடித்துவிட்டது, மேலே அடித்த கறுப்பு அண்டர்கோட்டிங் அதை மூடி நிற்கிறது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் சுற்றிக்கொண்டிருக்கின்றன: 2015 டிசம்பர் சென்னை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, நெல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் சுற்றியிருக்கும் பகுதி வரை யாரும் கழுவுவதில்லை, அங்கே சேற்றுக் கறை தங்கியிருக்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள கனெக்டர்களில் பச்சை பூத்திருப்பது, ஸ்டெப்னி குழியில் மண் இவையும் அடையாளங்கள். வயரிங் பிரச்சினை எப்போது எங்கே வெடிக்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் கேளுங்கள்

நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லலாம். குளிர்ந்த நிலையில் கேட்கும் சத்தத்தை மறைக்கத்தான் பல நேரம் சூடாக்கி வைப்பார்கள்.

சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்துங்கள். செக் இன்ஜின், ஆயில், பேட்டரி விளக்குகளும், இருக்கும் மாடலில் ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளும் எரிய வேண்டும். ஏதாவது ஒன்று எரியவே இல்லை என்றால் கோளாறை மறைக்க பல்பைப் பிடுங்கியிருக்கலாம். பிறகு ஸ்டார்ட். நம் ஊர் வெப்பத்தில் உடனே பிடிக்க வேண்டும். நீண்ட நேரம் சுற்றிப் பிடித்தால் இன்ஜெக்டர் கசிவு, டீசல் அழுத்தக் குறைவு, கம்ப்ரஷன் குறைவு என்ற மூன்றில் ஒன்று, மூன்றுமே செலவு.

இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். பெல்ட் மாற்றும் செலவு இல்லை என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். ஆனால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஆயில் குறைந்தோ கெட்டியாகியோ ஓடிய வண்டியில் டென்ஷனர் தளரும், செயின் நீளும், ஒருநாள் பல் தாண்டும். தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட் வேலை வந்துவிடும். அதனால் ஸ்டார்ட் ஆனதும் செயின் இருக்கும் பக்கம் காதை வையுங்கள். ஓரிரு நொடி ‘கறகற’ என்று கேட்டு அடங்கினால், செயின் கிட் செலவை விலையில் கழித்துப் பேசலாம். சூடான பிறகும் சத்தம் தொடர்ந்தால் அந்த வண்டியை ஹைவேயில் எடுத்துப் போவதே ஆபத்து.

அடுத்து, ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, கழற்றிவிடாமல் வாய்மேலேயே தளர்வாக வையுங்கள். லேசாக ஆவி வருவது டீசலில் இயல்பு. மூடி துள்ளி, ரயில் இன்ஜின் போல விட்டுவிட்டுப் புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. முழு இன்ஜின் வேலை என்பது இந்த விலைக் காருக்குக் கட்டுப்படியாகாது, இங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

சைலன்சர் புகையையும் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது கறுப்பு என்றால் இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் வால்வு) அடைப்போ இன்ஜெக்டரோ டர்போ குழாய்க் கசிவோ காரணம். சூடான பிறகும் நிற்காத வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது கூலன்ட். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே கூலன்ட் டப்பாவைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பச்சையோ சிவப்போ இருந்தால் நல்லது. துருநிறத் தண்ணீர் என்றால் கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் அரித்திருக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் லேசான ஆயில் ஈரம் இருக்கலாம், சொட்டுமளவு தேங்கியிருக்கக் கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போது

அரைமணி நேரமாவது நீங்களே ஓட்டுங்கள், பாட்டை நிறுத்திவிட்டு. நான்காவது கியரில் 50இல் போகும்போது ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது ‘டக டக’ என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். குண்டும் குழியுமான சாலையில் ‘டொக்’ என்றால் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு. இவை மலிவு, பயப்பட வேண்டாம். வேகத்தோடு கூடும் ‘ஊங்’ சத்தம் வீல் பேரிங். மதிய வெயிலில் ஏசியைப் போட்டு, வண்டியை நிறுத்தி 15 நிமிடம் ஐடிலில் விடுங்கள். வெப்ப முள் ஏறக் கூடாது, குளிர்ச்சியும் குறையக் கூடாது.

கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு. விலைகள் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். கேட்கும் விலை 2,40,000. ஆயில், எல்லா ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் 8,000. நான்கு டயர் 18,000. கிளட்ச் 12,000. லோயர் ஆர்ம், லிங்க் ராடு 10,000. பேட்டரி 6,000. இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் 10,000. மொத்தம் 64,000. அதற்கு மேல் எதிர்பாராத ஒரு பெரிய வேலைக்கு 50,000 ஒதுக்கிவைக்க வேண்டும். ஆக உங்கள் வண்டியின் உண்மையான விலை 3,54,000. அதே மாடல் 90,000 கிலோமீட்டரில், சர்வீஸ் வரலாற்றோடு 3,40,000க்குக் கிடைத்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் இந்த 64,000த்தைப் பட்டியலாக எழுதி விற்பவர் முன் வைத்துப் பேரம் பேசுங்கள். ‘கொஞ்சம் குறைங்க’ என்று கேட்பதைவிட ‘கிளட்ச் 12,000’ என்று சொன்னால்தான் விலை இறங்கும். அந்த 50,000த்தைத் தனியாக எடுத்துவைக்க வழியில்லை என்றால் அதிகம் ஓடிய டீசல் கார் உங்களுக்கானதல்ல. மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கும் ஒரு பழைய பெட்ரோல் வேகன்ஆர் போதும்.

பணம் கொடுக்கும் நாளில் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், இரண்டு சாவி ஆகியவற்றை வாங்குங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்; அன்று காலை விழுந்த கேமரா அபராதம் யாருடையது என்ற சண்டை வராது. பழைய ஃபாஸ்டேக்கை அப்போதே உரித்துவிடச் சொல்லுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மாற்றாமல் விட்டால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. நோ கிளெய்ம் போனஸ் பழைய உரிமையாளருடையது, வண்டியோடு வராது. பிரீமியத்தில் அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.

அன்றே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, முதல் 1,000 கிலோமீட்டருக்கு வாரம் ஒருமுறை காலையில் டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் குச்சியை) உருவிப் பாருங்கள். மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோடு வரை அதற்குள் இறங்கிவிட்டால் ஆயில் கசிகிறதா எரிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். கீழ்க் கோட்டுக்குக் கீழே போய் ஓட்டினால் முதலில் அடிவாங்குவது அந்தச் செயின் டென்ஷனரும் டர்போவும்.