ஊர்க் குளத்துக்கு வெள்ளி அனுப்புமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு மாலை சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு காப்பிக்கடையில் ஐந்தாறு ஊர்க்காரர்கள் உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் ஊர்க் குளத்தில் வந்து நிற்கும். "தூர் வாரணும்ணே, ஆளுக்கு ஐந்நூறு வெள்ளி போட்டா முடிஞ்சிடும்" என்று ஒருவர் சொல்வார் (வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர்). அன்றிரவே வாட்ஸ்அப் குழு, மறுநாள் ஒரு பொருளாளர், மாதக் கடைசிக்குள் ஊரில் பொக்லைன். தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் என எந்தப் பக்கத்து ஊரானாலும் தொடக்கம் பெரும்பாலும் இப்படித்தான். வேலை கெடுவதும் அந்த ஒரு மாத அவசரத்தில்தான்.

ஊர் ஒரு பைசா போடுமுன் பணம் அனுப்புவது

இதுதான் தலையான தவறு. மற்றவை பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. முழுத் தொகையும் சிங்கப்பூரிலிருந்து போய் இறங்கினால், அது "சிங்கப்பூர்க்காரங்க வேலை" ஆகிவிடும். கரை உடைந்தால் மண்வெட்டி எடுக்க ஆள் வராது, "அவங்களுக்கு போன் போடு" என்பார்கள்.

திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடத் தெரிந்த ஊருக்குக் குளத்துக்குப் போடவும் தெரியும். தமிழக அரசின் 'நமக்கு நாமே' திட்டம் இதற்குத் தோதானது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும், ஒப்புதல் மாவட்ட ஆட்சியரிடமிருந்து வர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 லட்சம் ரூபாய் வேலைக்கு மக்கள் பங்கு 3 லட்சம். 200 தலைக்கட்டு, வீட்டுக்கு 500 ரூபாய் என்றால் ஒரு லட்சம் ஊரிலேயே தேறும். சிங்கப்பூரிலிருந்து போக வேண்டியது 2 லட்சம், அதாவது சுமார் மூவாயிரம் வெள்ளி. அதே மூவாயிரத்தைத் தனியாக அனுப்பினால் 2 லட்சம் ரூபாய் வேலைதான் நடக்கும். மதிப்பீடு, ஒப்புதல் என்று மாதங்கள் ஓடும் என்பது உண்மை. ஊர் கூடிப் பேச அந்த மாதங்கள் தேவை என்பதும் உண்மை.

கிராம சபையைத் தாண்டிப் போவது

வாட்ஸ்அப் குழுவில் நாற்பது கட்டைவிரல் விழுந்தால் ஊரே ஒப்புக்கொண்டதாக நினைத்துக்கொள்கிறோம். அந்த நாற்பது பேரில் ஊரில் குடியிருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. முடிவுக்குரிய இடம் கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆள்கணக்கும் உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். தீர்மானம் பதிவேட்டில் ஏறி, அதன் நகல் கையில் இருந்தால்தான் நாளைக்கு "யாரைக் கேட்டுத் தோண்டினீங்க?" என்பவருக்குப் பதில் சொல்ல முடியும். சபையின் உறுப்பினர்கள் அந்த ஊராட்சியின் வாக்காளர்கள். சிவப்புக் கடப்பிதழ் வைத்திருக்கும் சிங்கப்பூர்க் குடிமகன் விருந்தாளியாகப் போய் உட்காரலாம், கைதூக்க முடியாது.

தலைவர் விஷயத்திலும் கவனம் தேவை. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பழைய பழக்கத்தில் முன்னாள் தலைவருக்கே போன் போட்டு எல்லாம் பேசி முடித்தவர்கள், பிறகு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும்.

கிராம சபைக்கு முன் நடக்கும் ஊர்க்கூட்டத்தை எங்கே வைக்கிறோம் என்பதற்குள் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. கோயில் மண்டபத்திலோ பெரியவர் வீட்டுத் திண்ணையிலோ வைத்தால் காலனியிலிருந்து யாரும் வர மாட்டார்கள். வந்தாலும் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அரசுப் பள்ளி மைதானம் எல்லோருக்கும் பொது, அங்கே வையுங்கள். நேரமும் முக்கியம். காலை பத்து மணிக்கு நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போன பெண்கள் எப்படி வருவார்கள்? மாலை ஆறரைக்கு மேல் வைத்தால் சிங்கப்பூரில் ஒன்பது மணி, இங்கிருப்பவர்களும் வீடியோவில் சேரலாம். பேச அல்ல, கேட்க. தண்ணீர் எங்கே நிற்காமல் ஓடுகிறது என்பது குடம் தூக்குகிறவருக்குத்தான் தெரியும்.

பணம் போகும் வழி

இங்கேதான் நல்ல மனிதர்கள் வம்பில் மாட்டுகிறார்கள். சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறக்கொடை ஆணையரின் அனுமதி வேண்டும். அப்படித் திரட்டும் தொகையில் 80 விழுக்காட்டை சிங்கப்பூருக்குள்ளேயே செலவிட வேண்டும் என்பது பொது விதி. ஆகவே பழகிய ஊர்க்காரர்களிடம் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக்கில் பேநவ் (சிங்கப்பூரின் உடனடிப் பணப்பரிமாற்றச் சேவை) எண்ணைப் போட்டு "நல்லுள்ளங்களே" என்று எழுத வேண்டாம்.

இந்தியப் பக்கம் யார் கொடுக்கிறார் என்பதே கேள்வி. இந்தியக் கடப்பிதழ் உள்ளவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடிமகன் கொடுத்தால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் ஆகும். வாங்கும் அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன்அனுமதியோ இருக்க வேண்டும். 2023 பிப்ரவரியிலிருந்து பேநவ்–யூபிஐ இணைப்பில் நாளொன்றுக்கு ஆயிரம் வெள்ளி வரை நொடியில் அனுப்பலாம் என்பதால், "சித்தப்பா கணக்குக்கு அனுப்பிடலாம்" என்று தோன்றும். சித்தப்பா வீட்டுச் செலவுக்கு வாங்குவது வேறு, ஊர்ப் பணத்தை வாங்கி வைப்பது வேறு. நோட்டீஸ் வந்தால் அவர் பெயருக்குத்தான் வரும். இரண்டு வகைக் கொடையாளர்களும் இருக்கிற குழு, முதல் நாளிலேயே இரண்டு பட்டியல் போட்டுவிட வேண்டும்.

குளம் வெட்டுவதில் செய்யும் பிழைகள்

குளம் யாருடையது என்று பார்க்காமல் இறங்குவது முதல் பிழை. ஊரணி பெரும்பாலும் ஊராட்சியுடையது. ஆயக்கட்டு (பாசனம் பெறும் பரப்பு) 40 ஹெக்டேருக்கு உட்பட்ட கண்மாய் ஊராட்சி ஒன்றியத்துடையது, அதற்கு மேல் நீர்வளத்துறை. கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைச் சொல்லி நிலம் யாருடையது என்று காட்டும் 'அ' பதிவேட்டைப் பாருங்கள், சர்வேயரை வைத்து எல்லைக்கல் நட்டுக்கொள்ளுங்கள்.

வரத்து வாய்க்காலை விட்டுவிட்டுக் குளத்தை மட்டும் ஆழப்படுத்துவது அடுத்தது. ஆழமான குழி போட்டோவில் அழகாக இருக்கும், தண்ணீர்தான் வராது. கையில் காசு குறைவென்றால் வாய்க்காலை முதலில் வெட்டி, சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்குங்கள். குளம் அடுத்த கோடைக்குக் காத்திருக்கும்.

ஆழம் எவ்வளவு? பாசனக் கண்மாயில் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது, மாட்டுக்கும் மீனுக்கும்தான் உதவும். அது வேண்டுமென்றால் ஒரு மூலையில் மட்டும் பள்ளம் போடலாம். களிமண் படுகையைக் கிழித்து மணல் தெரியும்வரை வெட்டினால் கதை முடிந்தது. தை மாதத்திலேயே குளம் காய்ந்துவிடும். மணல் வந்த பிறகு ஒப்பந்தக்காரர் உற்சாகமாகிறார் என்றால் டிப்பர் எங்கே போகிறது என்று பாருங்கள். கரையடியை ஒட்டியும் வெட்டக் கூடாது, பத்து மீட்டராவது தள்ளியிருக்கட்டும். கரையில் போடும் மண்ணை அரையடி, முக்காலடி அடுக்குகளாகப் பரப்பி, நனைத்து, உருளை ஓட்ட வேண்டும். சும்மா கொட்டிவிட்டால் ஐப்பசி மழையில் பாதி மீண்டும் குளத்துக்குள் இறங்கிவிடும்.

வண்டலை எடுத்துப்போக அனுமதி வேண்டும், வட்டாட்சியரிடம் கேட்கலாம். விவசாயிகளுக்கு இலவசம்: நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90. அவர்களே டிராக்டர் கொண்டுவந்து அள்ளினால் உங்கள் வண்டி வாடகை மிச்சம்.

பொக்லைனை மணிக்கணக்கில் பேசினால் டீ குடிக்கிற நேரமும் கணக்கில் ஏறும். கன அளவில் பேசுங்கள். ஓர் ஏக்கரில் ஓரடி வெட்டினால் சுமார் 1,230 கன மீட்டர் மண். மூன்று யூனிட் டிப்பரில் 8.5 கன மீட்டர் பிடிக்கும், வெட்டிய மண் கால்பங்கு உப்பும். ஆக 180 லோடு வர வேண்டும். 400 லோடு என்று பில் வந்தாலும் சந்தேகம், 60 என்றாலும் சந்தேகம்தான். வெட்டும்போது அங்கங்கே ஒரு மண் திட்டை மட்டும் தொடாமல் விடச் சொல்லுங்கள். அதன் உச்சியிலிருந்து டேப் பிடித்தால் எத்தனை அடி வெட்டினார்கள் என்று சின்னப் பையனும் சொல்லிவிடுவான். அளந்து போட்டோ எடுத்த பிறகே திட்டை எடுக்கட்டும்.

பருவத்தை மறந்து தேதி குறிப்பது

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம் என்பதற்காக அப்போது வேலை வைப்பார்கள். வடகிழக்குப் பருவமழை முடியாத மாதம் அது, குளத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். பங்குனியிலிருந்து ஆடிவரை வெட்டலாம். ஜூன் பள்ளி விடுமுறைக்குப் போனால் வேலையைக் கண்ணால் பார்க்கலாம். டிசம்பரில் போனால் கரை தாங்குகிறதா, கலிங்கில் தண்ணீர் சரியாக வழிகிறதா என்று பார்க்கலாம். அதற்குத்தான் அந்தப் பயணம்.

குளத்தோடு நிற்காமல் பள்ளிக்குக் கணினியும் ஸ்மார்ட் போர்டும் வாங்கித் தருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அவர்களைக் கேட்டால் முதலில் கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி கேட்பார்கள்.

டார்மிட்டரியில் தங்கி வேலை செய்யும் ஊர்த் தம்பிகள் இருபது வெள்ளிதான் தருகிறார்கள் என்று அவர்களைப் பட்டியலின் கடைசியில் வைக்காதீர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் இன்றைக்கும் அந்தக் குளத்துக்குப் போய்வருகிறார்கள். ஒப்பந்தக்காரர் நேற்று எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்பது அவர்களுக்குத்தான் உடனே தெரியும். கணக்குக் குழுவில் ஓரிடம் அவர்களுக்குக் கொடுங்கள். கடைசித் தவணையாகப் பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை நிறுத்திவையுங்கள். கார்த்திகையில் கரையைச் சுற்றி நடந்து வந்த பிறகு அதை விடுவிக்கலாம்.