இரவு பேக்கப்பில் பகிர்வுக் கோப்புறை மவுண்ட் ஆகாதபோது செய்ய வேண்டியவை

மண்ணடியிலோ ராயபுரத்திலோ உள்ள ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பில் ஆஃப் என்ட்ரி, ஷிப்பிங் பில், இன்வாய்ஸ் நகல்கள் எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. நள்ளிரவில் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் நிரல்) இயக்கும் ஸ்கிரிப்ட், நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புக் கருவியான நாஸ் பெட்டியின் பகிர்வுக் கோப்புறையை மவுண்ட் செய்து, அதாவது சர்வரின் ஒரு கோப்புறையில் இணைத்து, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் அவற்றை அங்கே நகலெடுக்கிறது. ஓர் இரவு மவுண்ட் ஆகவில்லை என்றால் என்ன நடக்கும்? மவுண்ட் புள்ளி என்பது சர்வரில் உள்ள ஒரு சாதாரண வெற்றுக் கோப்புறைதான் என்பதால், ஆர்சிங்க் எந்தப் பிழையும் காட்டாமல் சர்வரின் சொந்த வட்டிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடும். லாகில் வெற்றி என்றே இருக்கும். வட்டு நிறைந்து சர்வர் திணறும்போதுதான் விஷயம் தெரியவரும். நகலெடுக்கப்படும் மூலமே பகிர்வுக் கோப்புறையாக இருந்து, ஆர்சிங்கிற்கு டெலீட் விருப்பமும் (மூலத்தில் இல்லாதவற்றை நகலிலும் அழிப்பது) கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: மூலம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து, சேர்த்துவைத்த பழைய பேக்கப்பையே அது அழித்துவிடும்.

ஆகவே, காரணத்தைத் தேடுவதற்கு முன் ஸ்கிரிப்டுக்குக் காவல் போடுங்கள். மவுண்ட் கட்டளைக்கு அடுத்த வரியில், மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று சோதிக்கும் மவுண்ட்பாயிண்ட் (mountpoint) கட்டளையை இயக்கி, அது 0 தவிர வேறு எதைத் திருப்பினாலும், மின்னஞ்சல் அனுப்பிவிட்டு ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடுமாறு எழுத வேண்டும். இரண்டாவது காவலாக, மவுண்ட் ஆகாத நிலையில் அந்த வெற்றுக் கோப்புறைக்குச் சாட்டர் (chattr) கட்டளையால் ‘மாற்ற முடியாதது’ என்ற பண்பை ஏற்றிவிடுங்கள். இ.எக்ஸ்.டி.4 கோப்பு முறைமை கொண்ட வட்டில் அதன்பின் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனரால்கூட அதற்குள் எழுத முடியாது, ஆனால் அதன்மேல் மவுண்ட் செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை. ஒரே வரியில் முடியும் இந்த வேலையைத் தவிர்க்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இனி, காரணங்கள். கையால் இயக்கும்போது சரியாக ஓடி, கிரானில் மட்டும் தோற்கிறது என்றால், கிரானுக்குக் கிடைக்கும் பாத் மாறி (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) மிகச் சுருக்கமானது என்பதை நினைவில் கொண்டு, எல்லாக் கட்டளைகளுக்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். ஸ்கிரிப்ட் ரூட்டின் கிரானில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, மவுண்ட் காட்டும் பிழை எண்ணையும், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையின் கடைசி வரிகளையும் படியுங்கள். எண் 13 என்றால் பயனர் பெயர், கடவுச்சொல் அல்லது அனுமதி தவறு; இவற்றை ஸ்கிரிப்டுக்குள் எழுதாமல், ரூட் மட்டும் படிக்கக்கூடிய, 600 அனுமதி கொண்ட தனிக் கோப்பில் வைப்பதே முறை. எண் 2 பெரும்பாலும் பகிர்வின் பெயர் பிழை. எண் 112, கணினி அணைந்திருப்பதாகச் சொன்னாலும், பிங்குக்கு நாஸ் பதில் தந்தால் எஸ்.எம்.பி. (நெட்வொர்க் கோப்புப் பகிர்வு நெறிமுறை) பதிப்புப் பொருந்தாமையைச் சந்தேகியுங்கள். 2017இல் வந்த லினக்ஸ் கெர்னல் 4.13 முதல், எஸ்.எம்.பி. 1 இயல்புநிலைத் தேர்வாக இல்லை. பழைய நாஸ் பெட்டிக்காகப் பதிப்பு 1.0 என்று மவுண்ட் விருப்பத்தில் குறிப்பிட்டால் வேலை நடக்கலாம். ஆனால் 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் நுழைந்தது விண்டோஸில் இருந்த அதே எஸ்.எம்.பி. 1இன் ஓட்டை வழியாகத்தான் என்பதால், பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிப்பதே நல்லது. எண் 115 வந்தால் 445ஆம் போர்ட்டை ஃபயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள்.

மழைக்கால மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் பேக்கப் தோற்குமானால், சர்வர் எழுந்தபின்னும் நாஸ் தயாராகாமல் இருந்திருக்கலாம், அல்லது ரவுட்டர் அதற்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கலாம். ரவுட்டரில் நாஸுக்கு நிலையான முகவரியை ஒதுக்கிவிட்டு, சில நிமிட இடைவெளியில் மீண்டும் முயலுமாறு ஸ்கிரிப்டை அமையுங்கள்.

எல்லாம் சரியானபின், நாஸின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, கிரான் வழியாகவே ஸ்கிரிப்டை ஒருமுறை ஓடவிடுங்கள். மின்னஞ்சல் வந்து, சர்வரின் வட்டில் ஒரு கோப்பும் கூடாமல் இருந்தால், கேபிளை மீண்டும் செருகலாம்.