ஒரே ஒரு ஸ்டிக்கும் கடற்கரையும்: நம் கரையில் கோல்ஃப் பழகும் வழி

இராமநாதபுரம் கடலோரத்தில் கோல்ஃப் மைதானம் கிடையாது. அதற்காக “பணக்கார ஆட்டம் நமக்கெதுக்கு” என்று ஒதுங்க வேண்டியதில்லை. ஸ்பெயினின் வடகரையில் பெத்ரேன்யா என்ற ஊரில் 1957-ல் பிறந்த செவே பாலெஸ்டெரோஸ், அண்ணன் கொடுத்த மூணாம் நம்பர் அயர்ன் (இரும்புத் தலை ஸ்டிக்) ஒன்றை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில்தான் பழகினார். பந்து இல்லாவிட்டால் கூழாங்கல்லை அடிப்பாராம். 16 வயதில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். கோல்ஃபின் பெரிய போட்டிகளில் பிரிட்டிஷ் ஓபனை 1979, 1984, 1988 என மூன்று முறையும், மாஸ்டர்ஸை 1980, 1983 என இரண்டு முறையும் வென்றார். அவர் ஊரில் நல்ல மைதானம் இருந்தது, ஆனால் ஆட்டக்காரர்களுக்கு ஸ்டிக் பை சுமக்கும் கேடிப் பையன்களை ஆட விடமாட்டார்கள். நமக்கு மைதானமே இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சென்னையில் கேடியாகப் பை சுமந்தவன். இப்போது உச்சிப்புளிப் பக்கம் இருக்கிறேன். சாயங்காலம் வரும் பையன்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஸ்டிக். விதிப்படி பையில் 14 வரை வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு ஒன்று போதும். ஆனால் செவேயைப் பார்த்து மூணாம் நம்பரைத் தேடாதீர்கள். அதன் முகம் நிமிர்ந்து இருக்கும், புதிதாக வருகிறவருக்குப் பந்து எழும்பாது. பழைய ஏழாம் நம்பர் அயர்ன் வாங்குங்கள். பழைய பந்துகளும் கிடைக்கும். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும், அதனால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவி வையுங்கள். கூழாங்கல் ஆசையும் வேண்டாம். நம் கரையில் ஒதுங்கிக் கிடப்பது பவளப்பாறைத் துண்டு, அதைத் தொடவே கூடாது.

எந்தக் கரை, எந்த நேரம்

மீன்பிடிக்கிறவர்கள் கணக்கேதான். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அடங்கிக் கிடக்கும். அப்போது அரியமான் பக்கம் போங்கள். வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கிவிட்டால் புதுமடம் பக்கம், தென்கடல் கரை. தண்ணீர் வற்றி, ஈரமணல் இறுகிக் கிடக்கும் நேரம்தான் வேண்டும். நம் கடலில் ஏற்ற இறக்கம் அதிகமில்லை, கிடைக்கும் கெட்டி மணல் ஒரு பட்டைதான். அது போதும்.

வலை காயப்போட்ட இடம், கருவாடு காயும் இடம், ஞாயிற்றுக்கிழமை குளிக்க வரும் கூட்டம், இவை இருக்கும் பக்கம் ஸ்டிக்கையே எடுக்க வேண்டாம். பந்து 46 கிராம்கூட இல்லை, ஆனால் மண்டையில் பட்டால் ஆள் விழுந்துவிடுவார். தை, மாசியில் ஆமை முட்டையிட வரும். குழி தோண்டிய தடம் தெரிந்தால் தள்ளிப் போங்கள். கடலுக்குள் பந்தை அடிப்பதைப் பையன்கள் வேடிக்கையாக நினைக்கிறார்கள். அது பிளாஸ்டிக். என்னிடம் பழகுகிறவன் கடலைப் பார்த்து அடித்தால் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் இல்லை.

கோடு

ஈரமணலில் விரலால் ஒரு கோடு இழுங்கள், கடலிலிருந்து கரையை நோக்கி. பந்து வேண்டாம். கோட்டுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு கால் வருமாறு நின்று ஸ்டிக்கை வீசுங்கள். மணலில் விழும் வெட்டு எங்கே தொடங்குகிறது என்று குனிந்து பாருங்கள். கோட்டிலோ, கோட்டைத் தாண்டி இலக்குப் பக்கமோ தொடங்கினால் சரி. கோட்டுக்குப் பின்னால் தொடங்கினால், பந்து இருந்திருந்தால் முதலில் மண்ணைத்தான் அடித்திருப்பீர்கள். புல்தரையில் இந்தத் தப்பு பாதி மறைந்துவிடும், ஈரமணலில் மறைக்கவே முடியாது. வெட்டின் ஆழமும் முக்கியம்: விரல் நகம் புதையும் அளவு இருந்தால் போதும், உள்ளங்கை இறங்கினால் தோண்டுகிறீர்கள் என்று பொருள். இது கைவராமல் பந்தை வைக்க நான் விடுவதில்லை. பாதிப் பேர் இந்த இடத்திலேயே கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். பரவாயில்லை.

காற்றுக்குக் கீழே அடிப்பது

நம் கரை தரும் பெரிய பாடம் இது. வலக்கைக்காரர்களுக்குச் சொல்கிறேன். பந்தை நடுவிலிருந்து ஒரு பந்தளவு வலது காலை நோக்கித் தள்ளி வையுங்கள். பிடியை இரண்டு விரற்கடை கீழே இறக்குங்கள். எடை இடது காலில். அடிக்கும்போது கைகள் பந்துக்கு முன்னால் போயிருக்க வேண்டும். அடித்தபின் ஸ்டிக்கைத் தோளுக்கு மேல் ஓட விடாமல் நெஞ்சளவில் நிறுத்துங்கள்.

எதிர்க்காற்றைப் பார்த்தால் எல்லாருக்கும் பலமாக அடிக்கத்தான் தோன்றும். அதுதான் தவறு. பலமாக அடித்தால் பந்து பின்னோக்கி அதிகமாகச் சுழலும், அந்தச் சுழற்சி பந்தை மேலே தூக்கும், மேலே போனதைக் காற்று திருப்பி அனுப்பும். மெதுவாக அடித்தால் தாழப் போய் விழுந்து ஓடும்.

கரையோரமாகக் காற்றை நோக்கி நின்று அடித்துப் பாருங்கள். கச்சானில் வடகரையில் மேற்கே பார்த்து நின்றாலும், வாடையில் தென்கரையில் கிழக்கே பார்த்து நின்றாலும் கதை ஒன்றுதான்: காற்று இடதுபக்க முன்னாலிருந்து வரும், கடல் வலதுபக்கம் இருக்கும். நேரே அடித்தால் பந்து தண்ணீருக்குள். அதனால் இடப்பக்கம் கரைமேட்டில் நிற்கும் ஒரு பனையைக் குறி வையுங்கள். எவ்வளவு இடப்பக்கம் என்பதை யாரும் சொல்லித்தர முடியாது. பந்து தொலையத் தொலையக் கண்ணே கற்றுக்கொள்ளும்.

இதே ஸ்டிக்கால் உருட்டவும் பழகுங்கள். இரண்டு சிரட்டைகளை ஓரடி இடைவெளியில் கவிழ்த்துவிட்டு, இருபதடி தள்ளி நின்று, நடுவில் பந்து ஓடும்படி தட்டுங்கள். விளையாட்டாகத் தெரியும். 1976 பிரிட்டிஷ் ஓபனில், ராயல் பெர்க்டேலின் கடைசிக் குழியில், 19 வயது செவே இரண்டு மணல்குழிகளுக்கு நடுவே பந்தைத் தரையோடு ஓடவிட்டார். உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது அந்த அடியில்தான். அந்த முறை ஜானி மில்லர் ஜெயித்தார். செவேயும் ஜாக் நிக்லஸும் சமமாக இரண்டாம் இடம்.

மைதானத்து மணல்குழியிலிருந்து பந்தை எடுக்கவும் பழக வேண்டும், அதற்குக் காய்ந்த மணல் கரைமேட்டில் வேண்டிய மட்டும் இருக்கிறது. காலைப் புதைத்து நின்று, ஸ்டிக்கின் முகத்தை வானம் பார்க்கத் திருப்பி, பந்துக்கு மூன்று விரற்கடை பின்னால் மணலை அடியுங்கள். மணல்தான் பந்தைத் தூக்கிப் போகும். அடிக்கும் முன் ஸ்டிக் மணலில் படக் கூடாது. போட்டியில் மணல்குழிக்குள் அப்படிப் பட்டால் தண்டனை உண்டு.

பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்குக்கு வீட்டில் ஓலைப்பாய் போதும். குழியின் அகலம் 108 மி.மீ. நீங்கள் எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்துப் பழகுங்கள், அப்புறம் நிஜக் குழி கிணறு மாதிரி தெரியும்.

அதற்குப் பிறகு

கடற்கரையிலேயே தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட முடியாது. குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனின் சரிவைப் படிக்கப் புல்லில் ஆடியாக வேண்டும். நமக்கு மைதானம் கொடைக்கானல், கோயம்புத்தூர், சென்னை மாதிரி ஊர்களில்தான். உறுப்பினர் ஆகும் வசதி நம்மில் யாருக்கும் இருக்காது, அதனால் வாசல் கேடி வேலைதான். வெறும் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓபனை வென்றார், 1993-ல் மறுபடியும். பெங்களூரில் பை சுமந்த முனியப்பா 2009-ல் வென்றார். கொல்கத்தாவில் புல் பராமரிப்பவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா 2016, 2017 இரண்டு வருடமும் வென்றார். சௌராசியா தூரமாக அடிக்கிறவர் இல்லை. குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் விடமாட்டார்.

கேடியாகப் போனால் நல்ல ஆட்டக்காரருக்குப் பை தூக்கப் பாருங்கள், டிப்ஸ் குறைந்தாலும். அவர் எந்த ஸ்டிக்கை எடுக்கிறார் என்பதைவிட, எதை எடுத்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைக்கிறார் என்று கவனியுங்கள்.

அப்புறம் தகுதிச்சுற்று. இந்தியாவில் தொழில்முறைப் போட்டிகளை 2006-ல் தொடங்கிய பி.ஜி.டி.ஐ. என்ற அமைப்பு நடத்துகிறது, உள்ளே போகத் தகுதிச்சுற்றில் தேற வேண்டும். நுழைவுக்கட்டணம், ரயில், அறை, சாப்பாடு எல்லாம் உங்கள் கைக்காசு. நான்கு நாள் போட்டியில் இரண்டு நாள் முடிந்ததும் பாதிப் பேரை அனுப்பிவிடுவார்கள், அவர்களுக்குப் பரிசுப்பணம் கிடையாது. அதனால் பிளஸ் டூவை முடித்துவிட்டு, கையில் இன்னொரு வேலையும் வைத்துக்கொண்டு இறங்குங்கள் என்று வீட்டாரிடம் நானே போய்ச் சொல்வதுண்டு.

முதுகையும் பார்த்துக்கொள்ளுங்கள். செவேயை முதுகுவலி பாடாய்ப் படுத்தியது. ஐரோப்பிய டூரில் அவருடைய கடைசி வெற்றி 1995-ல், 38 வயதில். வள்ளம் தள்ளிவிட்டு, வலை இழுத்துவிட்டு வந்த அன்றைக்கு முழு வீச்சு வேண்டாம். சிரட்டைகளை எடுத்து வைத்து உருட்டிக்கொண்டிருங்கள்.