சிவப்புக் கோடுகளை விரட்டும் முன்

அச்சுக்குப் போகிற கோப்பைக் கையில் கொடுத்து எழுத்துப்பிழை திருத்தியில் (பிழையென்று அதற்குத் தோன்றும் சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போடுகிற மென்பொருள்) ஓட்டச் சொன்னால், புதிதாக வருகிற பிள்ளைகள் வருஷா வருஷம் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். தமிழ் அகராதியை நிறுவியாயிற்று என்றே வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் சத்தமே இல்லாமல் கெடுக்கிறவை இவை.

யோசிக்காமல் 'அகராதியில் சேர்' அழுத்துவது

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். தமிழில் உருபும் விகுதியும் ஒட்டிக்கொண்டே போவதால் சரியான சொல்லுக்கும் அடிக்கடி சிவப்புக் கோடு விழும், அதை நாலு தடவை சேர்த்துப் பழகியதும் ஐந்தாவது கோட்டைப் படிக்காமலே விரல் அங்கே போய்விடும்.

ஒரு கட்டுரைத் தொகுப்பில் 'ஔவையார்' வருகிற இடமெல்லாம் கோடு. திருத்திய தம்பி பார்த்தார், எழுத்து சரியாகத்தான் தெரிந்தது, சேர்த்துவிட்டார். உண்மையில் தட்டச்சு செய்தவர் ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டைப் போட்டிருந்தார். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். திருத்தி சொன்னது சரி, நம் கண்தான் ஏமாந்தது. பெயரடைவு (புத்தகக் கடைசியில் வரும் பெயர்ப் பட்டியல்) போடும்போது ஒரே ஔவையார் இரண்டு இடத்தில் வந்து உட்கார்ந்தார், தேடினால் பாதிப் பக்கங்கள் சிக்கவில்லை, அடைவை முதலிலிருந்து மறுபடி போட வேண்டியதாயிற்று. கௌரவம், பௌர்ணமி, சௌகரியம் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

சந்தேகம் வந்தால் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு தடவை பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். ஔ என்றால் முழுசாகப் போய்விடும். ஒ மட்டும் மிஞ்சினால் அது போலி.

இதைவிட மோசமான விஷயம், நீங்கள் சேர்த்த சொல் அந்தக் கோப்போடு நிற்காது. வேர்டில் கஸ்டம் அகராதி, லிப்ரே ஆபிஸில் ஸ்டாண்டர்ட் அகராதி, இரண்டுமே எல்லா ஆவணங்களுக்கும் பொது. இன்று சேர்த்த பிழை அடுத்த புத்தகத்திலும் கோடு இல்லாமல் நழுவிப் போகும். அதனால் ஒவ்வொரு நூலுக்கும் தனி அகராதி ஒன்றை உருவாக்கி, ஆள் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் அதில் போட்டு, வேலை முடிந்ததும் அகராதிப் பட்டியலில் அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். பொது அகராதியையும் அவ்வப்போது திறந்து பாருங்கள், வெறும் சொற்பட்டியல்தான், வேண்டாததை அழித்துவிடலாம். நிச்சயமில்லாத சொல்லா? 'புறக்கணி' போதும், சேர்க்காதீர்கள்.

கோடே இல்லை, அதனால் பிழையே இல்லை என்று நம்புவது

பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த கோப்பு கணினிக்கு ஆங்கில எழுத்துக் குப்பைதான். எல்லாவற்றுக்கும் கோடு விழுகிறதே என்று யாரோ அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து 'எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம்' என்று டிக் போட்டிருப்பார். வேர்டில் இது எழுத்தின் தடிமன், சாய்வு போல உரையோடு ஒட்டிக்கொள்கிற பண்பு. வடிவமைப்பு மாறாமல் யூனிகோடுக்கு மாற்றினால் அதுவும் கூடவே வரும். மாற்றியதும் முழு உரையையும் தேர்ந்தெடுத்து, அந்த டிக்கை எடுத்து, மொழியைத் தமிழ் என்று வையுங்கள். அப்புறம் நீங்களே ஒரு சொல்லைத் தப்பாக அடித்துப் பாருங்கள், கோடு விழவில்லையென்றால் திருத்தி தூங்குகிறது.

லிப்ரே ஆபிஸில் தமிழைத் தப்பான கட்டத்தில் தேடுவது

மேற்கத்திய மொழிகள் பட்டியலில் தமிழ் இருக்காது. 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' கட்டத்தில் இருக்கிறது.

எச்டிஎம்எல், லேடெக் கோப்பைச் சாதாரண உரையாக ஓட்டுவது

வலைப்பக்கத்துக்கான எச்டிஎம்எல், அச்சு வடிவமைப்புக்கான லேடெக் இரண்டிலும் உரைக்கு நடுவே இருக்கும் குறிச்சொற்கள், கட்டளைகளெல்லாம் பிழையாக வரும், சலித்துப்போய் 'எல்லாவற்றையும் மாற்று' கொடுத்தால் கோப்பே உடைந்துவிடும். கமாண்ட் லைனில் ஓடும் ஹன்ஸ்பெல், ஆஸ்பெல் என்ற திருத்திகள் இரண்டிலுமே இந்த வடிவங்களுக்குத் தனித்தனித் தெரிவுகள் உண்டு. அதைக் கொடுத்து ஓட்டுங்கள்.

பிடிஎஃப்பில் திருத்துவது

வேண்டாம். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.